"பார்க்கிறேன்" என்று சொல்வதை நிறுத்தினேன்

எங்கள் வீட்டு கேட்டின் கொண்டியைத் தூக்கினால் இரும்பு இரும்பில் உரசும் சின்னச் சத்தம் ஒன்று வரும். அது கேட்டதும், இயர்போனில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் என் கவனம் அறுந்துவிடும். வந்திருப்பவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். அதற்குள் மருந்துக் கடையில் வாங்கிய ஊசி மருந்தும் சிரிஞ்சும் இருக்கும், அல்லது ஒரு லேப் ரிப்போர்ட். சிலர் வெறுங்கையோடு வந்து, "மக்களே, பிரஷர் ஒன்று பார்த்துத் தருவாயா, தலை கனமாக இருக்கிறது" என்று வராந்தாப் படியில் உட்காருவார்கள்.

நான் செவிலியர். திருவட்டாறுக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரில் வீடு. மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. நான்கு வருடம் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறது. என்னோடு படித்தவர்களில் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். குமரி மாவட்டத்தில் நர்சிங் படித்த பெண் இருக்கும் வீடுகளில் இது பழகிய கதைதான். நான் ஜெர்மனி போக நினைத்தேன். அங்கே செவிலியராக முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படி ஏற வேண்டும்.

2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் பி1 தேர்வு எழுதினேன். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 60 வாங்க வேண்டும். மூன்றில் தேறிவிட்டேன். கேட்டலில் 53. முப்பது கேள்வியில் பதினாறு சரி. பதினெட்டு சரியாக இருந்தால் 60 வந்திருக்கும். இரண்டே கேள்வி.

அன்று இரவு அழுது முடித்த பிறகு காலண்டரை எடுத்துத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தையும் நாள் நாளாகப் பார்த்தேன். நான்கு நாள் டபுள் டூட்டி. இரண்டு நாள் மைனியின் (அண்ணன் மனைவியின்) சித்தி வீட்டுக் கல்யாணம். அதில் ஒரு நாள் முழுக்கத் தேங்காய் திருகவும் வாழைப்பழச் சீப்பு எண்ணி அடுக்கவும் போனது. ஒரு நாள் அத்தையைக் கண் பரிசோதனைக்காக நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையனின் கல்லூரி விண்ணப்பம். மற்ற நாள்களில் அந்தக் கேட் சத்தம். பி1 கேட்டல் தேர்வில் ஒலிப்பதிவின் நடுப்பகுதிகள் இரண்டும் ஒரு முறைதான் ஓடும். தவறவிட்டால் போய்விட்டது. அப்படி ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்கும் பயிற்சியை அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட நான் செய்யவில்லை. செய்ய உட்கார்ந்தபோதெல்லாம் யாரோ வந்தார்கள், நான் எழுந்தேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் கேட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவை இருந்தது, எனக்குக் கை இருந்தது. ஊரில் ஒருத்தி ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால் அவளிடம் கேட்பதில் என்ன குற்றம்?

அதற்குப் பிறகு ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். யார், என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன், கடைசியில் என்ன ஆயிற்று என்று நான்கு கட்டம் போட்ட பக்கங்கள். எனக்கு எதற்கும் மறுக்கத் தெரியவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நோட்டு வேறு ஒன்றைக் காட்டியது. நான் பெரும்பாலும் "சரி" என்று சொல்லவே இல்லை. "பார்க்கிறேன்" என்றுதான் சொல்லியிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அந்த ஒரே சொல்.

என் மனத்தில் "பார்க்கிறேன்" என்பதற்கு "முடியாது, அதை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்" என்று பொருள். கேட்டவர் மனத்தில் அதற்கு "வருகிறேன்" என்று பொருள். இரண்டு பேரும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போனோம். அவர்கள் வேறு ஆள் தேடவில்லை. கடைசி நாளில் போன் வந்தது: "மக்களே, உன்னைத்தானே நம்பியிருந்தேன்." அதற்கு மேல் மறுக்க எந்த வழியும் இல்லை. மனக்கசப்போடு போய்ச் செய்தேன், அல்லது போகாமல் பகையைத் தேடிக்கொண்டேன். முதலிலேயே "சரி" என்றிருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். முதலிலேயே "இல்லை" என்றிருந்தால் என் மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும். "பார்க்கிறேன்" இரண்டையும் எடுத்துக்கொண்டது.

தமிழில் மறுப்பதற்குச் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இல்லை, வேண்டாம், முடியாது, மாட்டேன், கூடாது என்று எத்தனை இருக்கின்றன! ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள். "முடியாது" என்றால் இயலாமை. "மாட்டேன்" என்றால் மனமில்லை. எங்கள் ஊரில் பெரியவர்களிடம் "மாட்டேன்" என்று சொன்னால் அது திமிர். "முடியாது" என்று சொன்னால் ஏன் முடியாது என்று விசாரிப்பார்கள். அதனால்தான் "பார்க்கிறேன்" என்ற இந்த ஒளிவிடம் நமக்குத் தேவைப்படுகிறது போலும்.

வழி காட்டியது அந்தப் பி1 பாடத்திட்டம்தான். எழுத்துத் தேர்வின் மூன்றாம் பகுதியில் ஏறக்குறைய 40 சொற்களில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். ஆசிரியருக்கோ மேலதிகாரிக்கோ, மரியாதை குறையாமல். 'குறித்த நாளில் வர இயலாது என்று தெரிவியுங்கள்' என்பது அதில் அடிக்கடி வரும் கேள்வி. பேச்சுத் தேர்வில் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு காரியத்தைத் திட்டமிட வேண்டும். அவர் சொல்லும் யோசனை ஒத்துவராவிட்டால் மறுத்து, வேறு யோசனை சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. அந்த இரண்டு பகுதியிலும் நான் தேறியிருந்தேன். வேற்று மொழியில் நாற்பது சொல்லில் மறுக்கப் பழகியவள், சொந்த ஊரில் சொந்த மொழியில் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

நான் பயிற்சிக்காக எழுதிய அந்த மின்னஞ்சல்களை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒரு நன்றி இருந்தது, வர இயலாது என்ற ஒரு வரி இருந்தது, ஒரே ஒரு காரணம் இருந்தது, வேறு ஒரு நாள் இருந்தது. அதற்கு மேல் எழுத 40 சொல்லில் இடமில்லை. இடமில்லாமல் இருந்ததுதான் அதன் பலம் என்று பிறகு புரிந்தது. ஏனென்றால் அதுவரை நான் மறுக்க முயன்ற ஒன்றிரண்டு முறையும் தோற்றது காரணங்களை அடுக்கியதால்தான்.

மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை ஆறே முக்காலுக்கு வார்டு பொறுப்பு சிஸ்டரிடமிருந்து போன். நைட் டூட்டிக்கு வர வேண்டியவர் விடுப்பு, நீ தொடர்ந்து நில் என்றார். "கடைசி பஸ் போய்விடுமே சிஸ்டர்" என்றேன். "காலையில்தானே போவாய், பிறகென்ன" என்றார். "தலைவலிக்கிறது" என்றேன். "மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வா" என்றார். "வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார்" என்றேன். "அப்பா இருக்கிறாரே" என்றார். நான் சொன்ன ஒவ்வொரு காரணமும் அவருக்கு ஒரு சிக்கலாகத் தெரிந்தது, அவர் அதைத் தீர்த்துக்கொண்டே வந்தார். தீர்க்க இனி எதுவும் இல்லை என்றானபோது நான் நின்றேன். அவர் கெட்டவர் அல்ல. அந்த வார்டில் இரண்டு பேர் வேலையை விட்டு வெளிநாடு போன இடம் நிரப்பப்படாமல் இருந்தது, அவருக்கும் இரவு தூக்கம் கிடையாது. உண்மையான காரணத்தை மட்டும்தான் நான் அவரிடம் சொல்லவில்லை: எனக்கு எட்டு மணிக்கு ஆன்லைன் வகுப்பு.

அடுத்த மாதம் டூட்டி பட்டியல் போடுவதற்கு முன்பே, 24ஆம் தேதி, ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திங்கள், புதன், வெள்ளி மாலை எனக்கு வகுப்பு, அந்த மூன்று நாளும் கூடுதல் டூட்டி பார்க்க இயலாது, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே கூடுதலாக வருகிறேன் என்று நான்கு வரி. கை நடுங்கியது. அவர் வாசித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை உறுதிதானே?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஆள் கிடைக்காத நாள். நெருக்கடி வருவதற்கு முன்பே சொன்னால் அது தகவல். போன் வந்த பிறகு சொன்னால் அதே வார்த்தை முரண்டு பிடிப்பதாகிவிடுகிறது. இதற்குப் பிறகும் இரண்டு முறை அழைத்தார். "இன்று புதன்கிழமை சிஸ்டர், வகுப்பு இருக்கிறது" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. போனில் வந்த அந்த மௌனம் தாங்க முடியாததாக இருந்தது. அதை நிரப்ப ஏதாவது சொல்லிவிடத் துடித்தது நாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "சரி, வேறு யாரையாவது கேட்கிறேன்" என்று அவரே வைத்தார்.

ஊரில் இது இவ்வளவு எளிதாக இல்லை.

பக்கத்து வீட்டு மாமி என்னைத் தூக்கி வளர்த்தவர். ஒருநாள் மாமாவுக்கு இருமலும் காய்ச்சலும் என்று பையோடு வந்தார். பைக்குள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்து. எப்போதோ ஒரு மருத்துவர் எழுதிய பழைய சீட்டைக் காட்டி வாங்கியிருக்கிறார்கள். "போன தடவை நீதானே போட்டாய், உடனே கேட்டது" என்றார். உண்மை, போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. இந்த வகை மருந்துகள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். முன்பு ஒத்துக்கொண்டது என்பதால் இந்தத் தடவையும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நிமிடங்களில் ரத்த அழுத்தம் விழும், தொண்டை வீங்கும். அட்ரினலின் ஊசி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பார்க்க மருத்துவர் இருக்க வேண்டும். எங்கள் வராந்தாவில் என்ன இருக்கிறது? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் செருப்பு வைக்கும் இடமும்.

"மாமி, இதை வீட்டில் வைத்து நான் போட மாட்டேன்" என்றேன். வாழ்க்கையில் மாமியிடம் முதல் முறையாக "மாட்டேன்" என்று சொன்னேன். "மாமாவை இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆட்டோவுக்கு நான் சொல்கிறேன்." மாமியின் முகம் ஒரு கணம் எதுவும் புரியாததுபோல இருந்தது. பிறகு பையின் காதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். பன்னிரண்டு நாள் பேசவில்லை. அந்த ஆண்டு அவர்கள் வீட்டுச் சக்கை (பலாப்பழம்) முதல் காய்ப்பு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் நினைவு தெரிந்து அப்படி நடந்ததே இல்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

நான் அதுவரை செய்த உதவியில் எவ்வளவு உண்மையில் உதவி என்று அப்போதுதான் யோசித்தேன். மருத்துவர் உத்தரவு இல்லாமல் ஊசி போடுவது என் வேலையே அல்ல. பிரஷர் பார்ப்பதும் அப்படித்தான். மாமா வேகமாக நடந்து வந்து உட்கார்ந்த உடனே பட்டையைச் சுற்றிப் பார்த்தால் வரும் எண் தவறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, காலைக் குறுக்கே போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேட் சத்தத்துக்கு எழுந்து போய் அவசர அவசரமாகப் பார்த்த எண்களை வைத்துக்கொண்டு எத்தனை பேர் மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ இருப்பார்கள் என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்கு நானே போனேன். மாமியின் மகன் டிஜிட்டல் பிரஷர் கருவி ஒன்று வாங்கி வைத்திருந்தான், உபயோகிக்கத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவனுக்கும் மாமிக்கும் கற்றுக்கொடுத்தேன். ஒரு டைரியில் தேதி, நேரம், எண் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். மாமாவுக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் பகுதித் தன்னார்வலரிடம் சொல்லிப் பெயரைப் பதிந்தேன். மருத்துவச் சந்தேகம் கேட்க 104 என்ற எண் இருப்பதையும் மாமியின் போனில் பதிந்து கொடுத்தேன். இந்த ஒரு மணி நேரம் எனக்கு அந்த ஆண்டில் குறைந்தது ஐம்பது மாலைகளைத் திருப்பிக் கொடுத்திருக்கும். மாமி மறுபடி பேச ஆரம்பித்தது அதற்கு அடுத்த நாள். என்னை மன்னித்தாரா, மாமாவின் பிரஷர் குறைந்த சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை.

மறுக்கப் பழகியவுடன் ஒரு ஆபத்தும் வரும், அதையும் சொல்லத்தான் வேண்டும். கை பழகிவிட்டால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு மறுத்துவிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணாச்சியின் மகளிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போல சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்கத்தான் என்று நினைத்துத் துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடி துண்டித்தேன். அண்ணாச்சிக்கு மூச்சுத் திணறல். பத்து நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டு, ஆட்டோவில் போட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு நானும் ஒரு காரணம். எட்டு நாள் எனக்குப் பாடம் ஓடவில்லை.

அதன் பிறகு ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, முகம் கோணுதல், ஒரு கை கால் திடீரென்று விழுதல், பாம்புக்கடி இவை எதுவாக இருந்தாலும் முதலில் 108. அடுத்த நிமிடம் எனக்கு விடாமல் இரண்டு முறை அழையுங்கள். இரண்டு முறை வந்தால் வகுப்பாக இருந்தாலும், தேர்வுக்கு முந்தைய நாளாக இருந்தாலும் எழுந்து ஓடி வருவேன். மற்ற எதற்கும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வராந்தாவில் இருப்பேன். ரப்பர் தோட்டத்து ஊரில் பாம்புக்கடியைப் பற்றி விரிவாகவே சொன்னேன். கட்டுப் போடாதே, கீறாதே, ஆளை நடக்க விடாதே. இந்த ஏற்பாடு வந்த பிறகு அந்த இரட்டை அழைப்பு இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. மூன்றும் உண்மையான அவசரம்தான். இஷ்டத்துக்கு அழைப்பார்களோ என்று நான் பயந்தேன். மக்கள் அப்படிச் செய்யவில்லை. எது உனக்கு முக்கியம், எதற்கு எப்போது வருவாய் என்று தெளிவாகச் சொன்னால், ஊர் அதை மதிக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்குள் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கடினம். ஊரில் நான் எவ்வளவு மறுத்தாலும், என் சார்பில் சம்மதம் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தார். "அவள் வருவாள், அவளுக்கு அன்றைக்கு ஆஃப்தான்" என்று அம்மா போனில் சொல்வது என் அறை வரைக்கும் கேட்கும். கோபித்துக்கொண்டேன், கத்தினேன், பலன் இல்லை. ஒருநாள் அம்மா சொன்னார்: "மக்களே, நாளைக்கு நீ வெளிநாடு போய்விடுவாய். எனக்கும் அப்பாவுக்கும் ஒன்று என்றால் இந்த ஊர்தானே வர வேண்டும்? நீ செய்வதெல்லாம் எங்களுக்காகத்தான் வாங்கி வைக்கிறேன்." எனக்குப் பேச்சு வரவில்லை. நான் என் லட்சியத்தைக் காப்பாற்ற நேரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்த லட்சியம் நிறைவேறிய பிறகு வரப்போகும் தனிமைக்காக உறவு சேர்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் உட்கார்ந்து பேசினோம். சாவு வீடு என்றால் கேள்வியே இல்லை, போவேன். கல்யாணத்துக்குக் கல்யாண நாளன்று போவேன், முந்தின நாள் வேலைக்கு அம்மா மட்டும் போவார். ஆஸ்பத்திரிக்குத் துணை என்றால் இரண்டு நாள் முன்பே என்னிடம் கேட்காமல் அம்மா சொல்லக் கூடாது. அம்மா ஒப்புக்கொண்டார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை முன்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன் என்றேன். "விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்துகிற வீடா இது?" என்றார். அதில் அவர் அசையவில்லை. நானும் கடைசியில் வற்புறுத்தவில்லை.

நேரத்தை மாற்றிக்கொண்டேன். அதற்கு அப்பாதான் காரணம். அப்பா முப்பது வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், சிரட்டையில் நிறைந்த பாலை உறைவதற்குள் எடுத்தாக வேண்டும். நான்கு மணி முதல் பத்து மணி வரை அப்பாவை யாரும் எதற்கும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. "பால் வெட்டப் போயிருக்கிறார்" என்றால் கேட்டவர் திரும்பிப் போய்விடுவார், காரணம் கேட்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். அந்த ஒரு வரி போதும். என் படிப்புக்கு அப்படி ஒரு வரி இல்லாமல் இருந்தது.

நானும் நான்கு மணிக்கு எழ ஆரம்பித்தேன். நைட் டூட்டி இல்லாத நாளெல்லாம் நான்கு முதல் ஐந்தரை வரை. அந்த நேரத்தில் கேட் கொண்டி ஒரே ஒரு முறை சத்தம் போடும், அப்பா வெளியே போகும்போது. கட்டன் காப்பி போட்டு இருவரும் குடிப்போம். ஒரு கணக்கும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அடியிலிருந்து பி2 வரை எட்ட 45 நிமிடம் கொண்ட 600 முதல் 800 பாட வேளைகள் ஆகும் என்பது தேர்வு நடத்துகிறவர்கள் தரும் மதிப்பீடு. அறுநூறு என்றே வைத்தாலும் 450 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 300 நாள். யாராவது ஏதாவது கேட்கும்போது என் கண் அந்தத் தாளுக்குப் போகும். "லட்சியம்" என்ற சொல்லை நினைத்துக்கொண்டு மறுப்பது எனக்குக் கைவரவில்லை, அது காற்றில் இருப்பது போன்ற ஒன்று. முந்நூறில் ஒன்று என்று நினைத்தால் மறுக்க முடிந்தது. லட்சியம் வைத்திருக்கிறவர்கள் அதை மணிக்கணக்காக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

அப்பா ஒருநாள் காப்பி குடிக்கும்போது, ஒருவன் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். "ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டினால் மரம் இருபது வருடம் பால் தரும். அவன் ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினான். பட்டை காய்ந்துபோயிற்று. இப்போது எவ்வளவு வெட்டினாலும் ஒரு சொட்டு வராது." அவர் மரத்தைப் பற்றித்தான் சொன்னார். அந்த வாரம் பொறுப்பு சிஸ்டர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கேட்டிருந்தார். மறுநாள் போய் "இரண்டுதான் சிஸ்டர்" என்றேன்.

மனம் நிறைந்து சம்மதித்த நாள்களும் உண்டு. 2022 ஜூலை 6ஆம் தேதி திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் குடமுழுக்கு. 400 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு நடந்தது. எங்கள் வீடு நிறைய உறவினர். அந்த வாரம் ஏ2 பாடம் ஒரு பக்கம்கூட நகரவில்லை. நோட்டில் எழுதும் பழக்கம் அப்போது இல்லை, இருந்திருந்தாலும் அந்த ஆறு நாளை நான் இழப்பில் சேர்த்திருக்க மாட்டேன்.

கேட்டல் பகுதியை மட்டும் மறுபடி எழுதினேன். தேறிய பகுதிகளைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. இந்த முறை 73 வந்தது. பிறகு பி2. வாசித்தல், கேட்டல், எழுதுதல் மூன்றும் முடிந்துவிட்டன. பேச்சுப் பகுதியில் முதல் முறை அறுபதைத் தொட முடியவில்லை. ஏறக்குறைய பதினைந்து நிமிடத் தேர்வு, அதில் தலைப்பு ஒன்றை எடுத்து நான்கு நிமிடம் போலத் தனியாகப் பேச வேண்டும். விடியற்காலையில் அப்பா போன பிறகு, முற்றத்தில் நடந்துகொண்டே ரப்பர் மரங்களைப் பார்த்துப் பேசிப் பழகுகிறேன்.

எல்லா உறவும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மைனியின் தம்பிக்கு வரும் மாதம் கல்யாணம். சென்னையில் என் தேர்வும் அதே நாள். தேதி தெரிந்த அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய், இரண்டு மாதம் முன்பாகவே, மைனியிடம் நேரில் சொன்னேன். "மைனி, கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. அன்றைக்கு எனக்குத் தேர்வு. மறுவீட்டுக்கு வந்து இரண்டு நாள் கூடவே இருந்து எல்லா வேலையும் செய்கிறேன்." பழைய நானாக இருந்தால் "பார்க்கிறேன் மைனி" என்று சொல்லிவிட்டு, கடைசி வாரம் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருப்பேன். மைனி புடவை மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "உன் இஷ்டம்" என்றார். காப்பி வேண்டுமா என்றும் கேட்கவில்லை. அண்ணன் வாசல் வரை வந்து, "கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று மெதுவாகச் சொன்னான்.

இன்னும் சரியாகவில்லை. போன வாரமும் போன் எடுக்கவில்லை. குழித்துறையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். திரும்பி வரும் டிக்கெட்டை மறுவீட்டுக்கு முந்தின நாள் காலையில் வந்து சேரும்படி எடுத்திருக்கிறேன்.